சம்பளம் கொடுப்பதும் தருமந்தான்!



இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் பொறுமையோடு இறுதிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது நம் புலனக் குழுக்களில் ஓர் அறிவிப்பு வலம் வருகிறது. ஆப்பிரிக்காவில் வாடும் ஏழைக் குழந்தைகளுக்காகப் பழைய துணிமணிகள், படித்து முடித்த கதைப் புத்தகங்கள், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றைத் திரட்டுகிறோம், தாராளமாகத் தாருங்கள் என்பது அதன் சாரம். பெற்றோர் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். படம் எடுக்கப்படுகிறது. முகநூலில் பாராட்டுகள் குவிகின்றன. அதே பெற்றோரிடம், அதே ஆசிரியர்களிடம், "ஆப்பிரிக்காவில் ஒரு சிற்றூரில் பாலர் பள்ளி நடத்தும் ஆசிரியைக்கு மாதச் சம்பளம் கொடுக்க உதவுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறிவிடும். "சம்பளத்துக்கா? அது நிர்வாகச் செலவாயிற்றே! எங்கள் பணம் குழந்தைகளுக்கு மட்டுமே போய்ச் சேர வேண்டும்" என்பார்கள்.

இந்த மனப்போக்கைத்தான் நான் வன்மையாக எதிர்க்கிறேன். இதைச் சொல்பவர்களுள் பலர் ஆசிரியர்கள் என்பதே எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. மாதந்தோறும் 25ஆம் தேதி வாக்கில் வங்கிக் கணக்கைப் பார்க்கும் நாம், நம் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்றா எண்ணுகிறோம்? கல்விக்காக அரசாங்கம் செலவிடும் பணம் என்றுதானே எண்ணுகிறோம்! நமக்கு ஒரு நியாயம், கறுப்பினச் சகோதரிக்கு வேறொரு நியாயமா?

எதை அறிந்து பேசுகிறேன்?

கடந்த சில ஆண்டுகளாக, நானும் என் சக ஆசிரியர்கள் சிலரும் நண்பர்களும் சேர்ந்து, மொத்தம் பன்னிரண்டு குடும்பங்கள், மலாவி நாட்டின் தென்பகுதியில் சோம்பா நகருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரின் பாலர் பள்ளிக்கு உதவி வருகிறோம். குடும்பத்துக்கு மாதம் 60 வெள்ளி. இதற்குச் சங்கமோ பதாகையோ தலைவரோ கிடையாது. பொதுமக்களிடம் வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்ட, நம் நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். ஆகவே நாங்கள் வெளியில் உண்டியல் ஏந்துவதில்லை. எங்கள் சம்பளத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கிறோம்.

அங்கே மூன்று வயது முதல் ஐந்து வயது வரையிலான ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் காலையில் வருகிறார்கள். பாடுகிறார்கள், எண்ணுகிறார்கள், கதை கேட்கிறார்கள். ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அவ்வூரைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஆசிரியைகளாக இருக்கிறார்கள். நாங்கள் அனுப்பும் பணத்தில் பாதிக்குமேல் இவ்விருவரின் சம்பளத்துக்கும், எஞ்சியது கஞ்சிக்கும் செலவாகிறது. இதை ஒளித்து மறைக்கும் எண்ணம் எனக்கில்லை, பெருமையோடுதான் சொல்கிறேன்.

மலாவியில் இத்தகைய சமூகப் பாலர் மையங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஊர் மக்களே கூடித் தொடங்கியவை அவை. அவற்றில் பணியாற்றுவோருள் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். விளைவு என்ன? விதைப்புக் காலம் வந்தால் அந்தப் பெண் தன் சோள வயலுக்குப் போயாக வேண்டும். சனவரி முதல் மார்ச் வரை, பழைய விளைச்சல் தீர்ந்து புதிய அறுவடை வராத பஞ்ச மாதங்களில், கூலி வேலை தேடிப் போயாக வேண்டும். அவளுக்கும் பிள்ளைகள் உண்டல்லவா? அவள் போனால் மையம் மூடப்படும். குழந்தைகளுக்குக் கஞ்சி மிகவும் தேவைப்படும் அதே மாதங்களில்தான் கதவு சாத்தப்படுகிறது! அந்நாட்டில் 2015-16ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மக்கள் நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 37 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அத்தகைய நாட்டில் மூன்று மாதம் கதவு சாத்தினால் அதன் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதவைத் திறந்து வைப்பது எது? நீங்கள் அனுப்பும் பழைய சட்டையா? அந்தப் பெண்ணின் சம்பளமா?

சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது நம் முன்னோர் வாக்கு. பழைய பொருள்களைப் பெட்டியில் அடைத்துக் கடல் கடந்து அனுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. மலாவிக்குக் கடற்கரை கிடையாது. பொருள் வேறொரு நாட்டின் துறைமுகத்தில் இறங்கி, எல்லை கடந்து, சுங்கம் கடந்து, லாரியில் போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேர்ந்தாலும் பயன் என்ன? மலாவியின் சந்தைகளில் பழைய துணி மலைபோல் கிடக்கிறது. அதற்குக் 'கௌஞ்சிகா' என்று ஒரு பெயரே உண்டு. செல்வ நாடுகளின் பழைய துணிகள் தங்கள் நெசவுத் தொழிலையும் தையல் தொழிலையும் நசுக்குவதைக் கண்டு, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016ஆம் ஆண்டில் அவற்றின் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தன. ருவாண்டா வரியை உயர்த்தியது. அதற்காக 2018ஆம் ஆண்டில் அமெரிக்கா, ருவாண்டாவின் ஆடைகளுக்கு அளித்துவந்த வரிச்சலுகையை நிறுத்தி வைத்தது. வேண்டாம் என்று சொன்னதற்குத் தண்டனை! நாம் அன்போடு கட்டும் மூட்டை, அங்கே ஏற்கெனவே கிடக்கும் மலைமீது இன்னொரு மூட்டை.

புத்தகம் அனுப்பலாமே என்பீர்கள். பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். சில வேளைகளில் மலாய்ப் புத்தகங்கள்கூட! சிச்சேவா மொழி பேசும் நான்கு வயதுக் குழந்தை அவற்றை வைத்து என்ன செய்யும்? கென்யாவின் மேற்குப் பகுதியில் 1990களில் பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடநூல்கள் வழங்கி, அதன் விளைவைப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான மைக்கல் கிரேமர் 2019ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டவர். 2009ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின் முடிவு: பாடநூல் கிடைத்ததால் சராசரி மாணவரின் மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர்கள் மட்டுமே பயனடைந்தார்கள். ஏனெனில் நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்குள்ள குழந்தைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இதை இன்னொருவர் ஆராய்ந்து சொல்ல வேண்டுமா? தாய்மொழியில் தொடங்கிய குழந்தையின் கண்களில் தோன்றும் ஒளியை நாம் நாள்தோறும் காண்கிறோம். மலாவியில் 2013ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்று மொழியாக்கிவிட்டது. ஆகவே அக்குழந்தைகள் தம் சொந்த மொழியில் பாடவும் எண்ணவும் கதை சொல்லவும் கிடைக்கும் காலம் பாலர் பள்ளிக் காலமே. அந்தக் காலத்தை அவர்களுக்கு வழங்கக்கூடியவர் அவ்வூரில் பிறந்த, அம்மொழி பேசும் ஆசிரியைதான். நாம் அனுப்பும் ஆங்கிலக் கதைப் புத்தகம் அந்த வேலையைச் செய்யாது.

படத்துக்கு அழகானது வேறு, பயன்படுவது வேறு

குழந்தைகள் சுற்றி விளையாடும் இராட்டினம் ஒன்று. அது சுற்றச் சுற்ற நிலத்தடி நீர் மேலே ஏறும். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! 'பிளேபம்ப்' என்னும் இந்தக் கருவிக்கு 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரும் விளம்பரம் கிடைத்தது. 2010ஆம் ஆண்டுக்குள் ஆப்பிரிக்காவில் 4,000 இராட்டினங்களை நிறுவப் போவதாக அறிவித்தார்கள். சொன்ன அளவு மக்களுக்குத் தண்ணீர் தர வேண்டுமென்றால், குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. ஒரு நாளுக்கு எத்தனை மணி என்பதை நம் முதலாம் ஆண்டு மாணவரே சொல்வார்! குழந்தைகள் விளையாடி ஓய்ந்தபின் அந்த இராட்டினத்தைக் குனிந்து தள்ளியவர்கள் அவ்வூர்ப் பெண்கள். பழுதானபோது அதைச் சரிசெய்ய ஆளில்லை. இலக்கு எட்டப்படாமலே திட்டம் முடங்கியது.

கொடுப்பவரின் கண்ணுக்கு எது அழகாகத் தெரிகிறதோ அதையே கொடுத்தால் இதுதான் நடக்கும். இராட்டினம் படத்தில் அழகாக இருக்கும். புதிதாக வண்ணம் பூசிய கட்டடமும் அப்படியே. மாதக் கடைசியில் ஒரு பெண் கையொப்பமிட்டுப் பெறும் சம்பளத்தைப் படம் எடுத்துப் போட்டால் யார் விருப்பக்குறி இடுவார்?

ஆனால் பலன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மொசாம்பிக் நாட்டின் காசா மாநிலத்தில், 2008ஆம் ஆண்டு முதல் ஓர் உதவி அமைப்பு சிற்றூர்களில் எளிய பாலர் பள்ளிகளை நடத்தியது. இரண்டாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அப்பள்ளிகளுக்குப் போன குழந்தைகள் தொடக்கப்பள்ளியில் சேரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 24 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கென்யாவில் 2005ஆம் ஆண்டில் 140 பள்ளிகளுக்கு, முதலாம் வகுப்புக்காக உள்ளூரிலேயே கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியரை நியமித்துக்கொள்ளப் பணம் தரப்பட்டது. பள்ளிக் குழுவே அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆசிரியர்கள் நிரந்தர ஆசிரியர்களைவிடத் தவறாமல் வகுப்புக்கு வந்தார்கள். அவர்களிடம் படித்த குழந்தைகள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். பின்னர் அத்தகைய திட்டத்தை அரசே பெரிய அளவில் நடத்தியபோது அந்தப் பலன் கிட்டவில்லை. அங்கே ஆசிரியர்களுக்குச் சம்பளம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததும் பதிவாகியுள்ளது. ஆள் வேண்டும், அவருக்கு உரிய நாளில் சம்பளம் வேண்டும், கண்காணிக்க ஊர் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

நம் வரலாற்றையே மறந்துவிட்டோமா?

"இதெல்லாம் ஆப்பிரிக்கக் கதை, நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு நம் தோட்டப்புறத்தை நினைவூட்டுகிறேன்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்றது. பள்ளிகள் தோன்றின. எப்படிப்பட்ட பள்ளிகள்? ஓர் அறைக் கொட்டகை. கற்பித்தவர் யார்? பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோதான். சட்டம் இருந்தது, கொட்டகை இருந்தது. பயிற்சி பெற்று, முறையான சம்பளம் வாங்கும் ஆசிரியர் இல்லை. அதனால் எத்தனை தலைமுறைகள் பால்மரக் காட்டைத் தாண்ட முடியாமல் நின்றன என்பதை நம் பாட்டன் பாட்டிமாரைக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளிகள் தலைநிமிரத் தொடங்கியது பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்த பிறகே. அந்த ஆசிரியர்களை உருவாக்கிய பயிற்சிக் கழகத்தில் படித்துத்தான் நானும் இன்று பிழைக்கிறேன்.

ஆயாக் கொட்டகையை மறந்தவர் உண்டா? தாய்மார் விடியலில் பால்மரம் சீவப் போனபோது, கைக்குழந்தைகளை ஆயாவிடம்தான் விட்டுப் போனார்கள். அந்த ஆயா ஒரு நாள் வராவிட்டால் தாய்க்கு வேலையில்லை, கூலியில்லை. அந்த ஆயாவுக்குக் கூலி கொடுப்பது வீண் செலவு என்று யாராவது சொல்லியிருந்தால் நம் பாட்டி அவரைச் சும்மா விட்டிருப்பாரா?

மலாவியின் தொடக்கப்பள்ளிகளும் இந்தப் பாடத்தைப் படித்தவையே. 1994ஆம் ஆண்டில் அங்கே தொடக்கக் கல்வி இலவசமாக்கப்பட்டது. மாணவர் எண்ணிக்கை சுமார் 19 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 30 இலட்சமாக ஒரே தாவலில் உயர்ந்தது. ஆசிரியர்களுக்கு எங்கே போவது? பயிற்சி பெறாத பல்லாயிரம் பேரை அவசரமாக வேலைக்கு எடுத்தார்கள். வகுப்பறை நிறைந்தது, கற்றல் குறைந்தது. மரத்தடியில் நூறு பிள்ளைகளுக்கு ஒருவர் நின்று கத்திய காலம் அது.

மறுப்புகளுக்கு மறுமொழி

"நம் நாட்டிலேயே ஏழைக் குழந்தைகள் இருக்கிறார்களே!" இருக்கிறார்கள். அவர்களுக்கும் கொடுங்கள், நாங்களும் கொடுக்கிறோம். ஆனால் நம் நாட்டு ஏழைக் குழந்தையின் வகுப்பில் அரசாங்கச் சம்பளம் பெறும் ஆசிரியர் ஒருவர் நிற்கிறார். அந்தச் சோம்பா வட்டாரத்துக் குழந்தையின் முன் யாரும் நிற்பதற்கு உத்தரவாதம் இல்லை. தவிரவும், இவ்வாறு கேட்பவர்களுள் எத்தனை பேர் உள்ளூர்க் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்கள்?

"பணம் அனுப்பினால் யாராவது சாப்பிட்டுவிடுவார்கள்." ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள், போடாதே என்று சொல்லவில்லை. மாதக் கணக்கை அவ்வூர்க் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் செய்கிறோம். யாருக்கு எவ்வளவு, சோள மாவு எத்தனை கிலோ என்பதெல்லாம் தாய்மார்களுக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டையும் பற்றுச்சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். குழந்தைகளின் முகங்களை நாங்கள் கேட்பதில்லை. கணக்கைத் தாய்மார் அறிந்திருக்கும் ஊரில் திருடுவது எளிதன்று. பழைய பொருள் மூட்டைக்கு யார் கணக்குக் கேட்டார்கள்?

"தொண்டு உள்ளத்தோடு செய்பவர்களுக்குச் சம்பளம் எதற்கு?" தொண்டின் அருமையை நான் மறுக்கவில்லை. மலாவியில் 2002ஆம் ஆண்டில் சுமார் 200 குழந்தைகளுக்குக் கஞ்சி கொடுத்துத் தொடங்கிய 'மேரிஸ் மீல்ஸ்' என்னும் அமைப்பு, இன்று பல நாடுகளில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளியில் உணவளிக்கிறது. அங்கே கஞ்சி காய்ச்சுவோர் ஊர்த் தொண்டர்களே. எங்கள் பாலர் பள்ளியிலும் தாய்மார் முறைவைத்துக் காய்ச்சுகிறார்கள். முறைக்கு ஒரு நாள் வந்து அடுப்பு மூட்டுவது தொண்டாக நடக்கும். ஆண்டு முழுவதும் ஒவ்வொரு காலையும் ஐம்பது குழந்தைகளின் முன் நிற்பது வேலை. வேலைக்குக் கூலி கொடுக்காமல் தொண்டு என்று பெயர் சூட்டுவது ஏழைப் பெண்ணின் உழைப்பைச் சுரண்டுவதாகும். நாம் 60 வெள்ளி கொடுத்துவிட்டுக் கொடையாளி ஆகிறோம். அவள் தன் உழைப்பு நாள்களையே கொடுக்கிறாள். இருவரில் யார் பெரிய கொடையாளி?

"நேரில் போய்ப் பிள்ளைகளோடு சில நாள் இருந்துவிட்டு வரலாமே!" உங்கள் வகுப்புக்குள் முன்பின் தெரியாத வெளிநாட்டவர் நால்வர் புகுந்து, ஒரு வாரம் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிப் படம் எடுத்துக்கொண்டு போனால் நீங்கள் ஒப்புவீர்களா? 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குழந்தை இல்லங்களுக்குச் சுற்றுலாபோல் தொண்டு செய்யப் போவதால் விளையும் தீங்கைத் தன் தீர்மானத்தில் எடுத்துரைத்தது. விமானச் சீட்டுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுங்கள். அப்பணம் அங்கே ஓர் ஆசிரியைக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று வகுத்துப் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

"இப்படியே கொடுத்தால் அவர்கள் நம்மையே சார்ந்திருப்பார்களே!" சார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஊராரிடமும் பங்கு கேட்கிறோம். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கூடைச் சோளம் கஞ்சிக்காகத் தருகிறார்கள். 2023ஆம் ஆண்டு மார்ச்சில் ஃபிரெடிப் புயல் தென் மலாவியைச் சூறையாடியபோது, அவ்வாண்டு அந்தச் சோளம் வரவில்லை. வயலே போய்விட்டது. ஆயினும் பாலர் பள்ளி தொடர்ந்து நடந்தது. சம்பளம் நின்றிருந்தால் அந்த ஆசிரியைகள் கூலி வேலை தேடி ஊரைவிட்டே போயிருப்பார்கள். துன்ப காலத்திலும் குழந்தைகளுக்கு வழக்கமான ஓர் இடமும், தெரிந்த ஒரு முகமும் இருந்தன. இதைச் சார்பு என்று பழிப்பவர், தம் அரசாங்கப் பணியை உதறிவிட்டு வந்து பேசட்டும்!

என்ன செய்யலாம்?

உங்கள் பள்ளியிலோ குடியிருப்பிலோ இத்தகைய உதவியைத் தொடங்க விரும்பினால், இவற்றை மனத்தில் கொள்ளுங்கள். பத்து ஊர்களுக்குச் சிறிது சிறிதாகத் தெளிக்காமல், ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஊரார் தாமே நடத்திவரும் பாலர் பள்ளியாக அது இருக்கட்டும். குறைந்தது மூன்றாண்டுக்குக் கொடுக்க முடிந்த தொகையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஆறு மாதம் அள்ளிக் கொடுத்துப் பின்னர் நிறுத்துவது, கொடுக்காமலே இருப்பதைவிடக் கொடியது. அந்த ஆசிரியை தன் வயலை விட்டுவிட்டு உங்களை நம்பி வந்திருப்பாள். சம்பளத்தை மாதம் பிறக்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். ஆசிரியையை நியமிப்பதும் நீக்குவதும் ஊர்க் குழுவின் உரிமை. அதில் நம் மூக்கை நுழைக்க வேண்டா. சனவரி முதல் மார்ச் வரை கஞ்சிக்குக் கூடுதலாக ஒதுக்குங்கள்.

வீட்டிலுள்ள பழைய துணியையும் புத்தகத்தையும் என்ன செய்வது? அக்கம்பக்கத்தில் கேட்பவருக்குக் கொடுங்கள், அல்லது மறுபயனீட்டுக்கு அனுப்புங்கள். அதற்குத் தருமம் என்று பெயர் சூட்டி ஆப்பிரிக்கக் குழந்தையின் தலையில் கட்டாதீர்கள்.

அடுத்த முறை உங்கள் குழுவில் அந்த அறிவிப்பு வரும்போது, பொறுப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தக் குழந்தைகளுக்கு நாள்தோறும் கற்பிப்பவர் யார்? அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்?" பதில் இல்லையென்றால் உங்கள் மூட்டையை வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். ஆனால் அவர்களும் எழுதுவதற்கு முன், தம் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.